தொப்பை பறந்த வெள்ளிக்கிழமை

அம்மாவின் காரைப் பார்த்து “அட, நல்லா இருக்கே!” என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. “ஓடுதா?” என்று கேட்டவர்கள் உண்டு.

வெளியே சாம்பல் நிறம். உள்ளேயும் சாம்பல் நிறம். இருக்கை, கூரை, தரை எல்லாம் அதே சாம்பல்தான். பின் இருக்கைக்கு முன்னால், தரையின் நட்ட நடுவில் ஒரு மேடு வேறு. நடுவில் உட்காருகிறவர்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முனகிக்கொண்டே வருவார்கள்.

ஆனால் கத்தரிக்கு அந்தக் காரின் மேல் கொள்ளை ஆசை.

கத்தரி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பத்து வயதுக்காரி. எந்நேரமும் கத்தரிக்கோலும் கையுமாக எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டே இருப்பதால் அப்பா வைத்த பட்டப்பெயர். அவர்கள் வீட்டுத் திரைச்சீலையில் நிலா வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அம்மா ஒரு நிறுவனத்துக்காக இரவெல்லாம் கார் ஓட்டினார். கத்தரி பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். கத்தரி தூங்கப் போகும்போது அம்மா ஊர் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அம்மாவிடம் ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடிக்க அவளுக்கு நான்கு நாட்கள் ஆகும்.

இப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்திருந்தது. கத்தரியின் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு மழலையர் பள்ளி. அங்கே குழந்தைகளைக் காலையில் கூட்டிவந்து மாலையில் கொண்டுபோய் விட ஒரு வண்டி வேண்டுமாம். அந்த வேலை கிடைத்துவிட்டால் இரவு வேலையை விட்டுவிடலாம்.

“ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க,” என்று அந்தப் பள்ளியின் பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். “குழந்தைங்க அழாம வரணும். நேரத்துக்கு வரணும். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை என் முடிவைச் சொல்றேன்.”

அந்த ஒரு வாரத்துக்கு அம்மா இரவு வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் மூன்று வாண்டுகள் பின் இருக்கையில் ஏறின. அம்மா பெல்ட் மாட்டிவிட்டார். கத்தரி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேருக்கும் மனசுக்குள்ளேயே ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டாள்.

“ஏன் இந்தக் கார்ல ஒண்ணுமே இல்ல? ஏன் எல்லாம் ஒரே கலர்? ஏன் வெளியில மழை மாதிரி இருக்கு?” என்று கேட்டவன் ஏன்தம்பி.

“எனக்கு மஞ்சள் வேன்தான் வேணும்! அதுல டிவி இருக்கு!” என்று கதவு மூடியதிலிருந்து பள்ளி வாசல் வரை அழுதவன் அழுமூஞ்சி.

நடுவில் உட்கார்ந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்தவள் மௌனராணி.

அந்த மஞ்சள் வேன் வேறு ஓர் ஓட்டுநருடையது. அவரும் அதே வாரம்தான் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பள்ளி வாசலில் அதிலிருந்து குழந்தைகள் சிரித்துக்கொண்டே இறங்கின. அம்மாவின் காரிலிருந்து அழுமூஞ்சி மூக்கு ஒழுக இறங்கினான். பெரிய டீச்சர் இரண்டையும் பார்த்தார். அம்மாவின் முகம் சுண்டிப் போயிற்று.

“நம்ம கார்ல டிவி வைக்க முடியாதா?” என்று மாலையில் கத்தரி கேட்டாள்.

“டிவி வைக்கற காசுக்கு இன்னொரு காரே வாங்கிரலாம்.”

கத்தரி யோசித்தாள். வாண்டுகள் மூன்றும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. அவர்களுடைய பை, தண்ணீர்ப் புட்டி, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் ஒரே படம். ‘மேகத் திமிங்கலம்’ என்ற அனிமே கார்ட்டூன் தொடரில் வரும் நீலமுடி! நீலமுடி என்பவள் வானத்தில் பறக்கும் வீராங்கனை. அவள் பறப்பது தொப்பை என்கிற ஒரு குண்டுத் திமிங்கலத்தின் முதுகில். தொப்பையின் முதுகை இரண்டு தடவை மிதித்தால் போதும், ‘பூஊஊம்’ என்று ஊதிக்கொண்டு மேகத்துக்குள் பாய்ந்துவிடும்.

“அம்மா! தரையில போடற மேட்ல நீலமுடி படம் போட்டா?”

கார்களுக்குச் சீட் கவர் தைக்கிற கடை அடுத்த தெருவில்தான் இருந்தது. தைக்கிறவரைத் தெருவே தையல் மாமா என்றுதான் கூப்பிடும். அவரிடம் துணியில் படம் அச்சடிக்கும் இயந்திரமும் இருந்தது.

“அனிமே மேட்டா? பிரமாதமாப் பண்ணிரலாம்!” என்றார் தையல் மாமா. “படம் எவ்வளவு பெருசு வேணும்?”

“நீலமுடி மூஞ்சி மட்டும். எவ்வளவு பெருசா முடியுமோ அவ்வளவு பெருசு!”

“கண்ணு ஒவ்வொண்ணும் தட்டு அளவுக்கு வரட்டுமா?”

“வரட்டும் மாமா!”

தையல் மாமா பழுப்புக் காகிதத்தைக் காரின் தரையில் விரித்து, ஓரங்களை விரலால் அழுத்தி, மடிந்த கோட்டின் மேல் பென்சிலால் வரைந்து அளவெடுத்தார். பின்னால் நடு மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஓட்டுநர் பக்கத்துக்கு அவர் நகர்ந்தபோது அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

“இங்க மட்டும் எதுவும் வேணாங்க. மேட் நகர்ந்து பெடலுக்கு அடியில போச்சுன்னா கதை கந்தலாயிடும்.”

புதன்கிழமை காலையில் மேட் தயார். கறுப்பு ஓரம் வைத்துத் தைத்த இரண்டு மேட். இரண்டிலும் நீலமுடி கண்ணை அகல விரித்துச் சிரித்தாள். காருக்கே புது உயிர் வந்தது போல் இருந்தது. கத்தரிக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா கதவைத் திறந்தார்.

“நீலமுடி!” என்று மூன்றில் இரண்டு வாண்டுகள் கூவின. மௌனராணியின் கண் மட்டும் விரிந்தது.

அழுமூஞ்சி காலை உள்ளே தூக்கினான். தூக்கிய கால் அந்தரத்தில் அப்படியே நின்றது.

“என்ன கண்ணா, ஏறு,” என்றார் அம்மா.

“கீழ நீலமுடி கண்ணு இருக்கு.”

“பரவால்ல, மிதிக்கலாம்.”

“கண்ணை மிதிச்சா வலிக்கும்!”

“ஏன் நீலமுடியைக் கீழ போட்டிருக்கீங்க?” என்று ஏன்தம்பி கேட்டான். “அவ என்ன தப்பு பண்ணா?”

கத்தரி ஒருவிதத்தில் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளே அன்று காலை அந்த விரிப்புகளைப் போட்டுவிட்டுக் காரிலிருந்து இறங்கும்போது, ஓரமாகத்தான் கால் வைத்து இறங்கினாள்.

ஏன்தம்பி படத்தைத் தொடாமல் வாசலிலிருந்தே இருக்கைக்குத் தாவினான். கூரையில் நங்கென்று தலை இடித்தது. தாவிய வேகத்தில் கால் நழுவி, அவனுடைய ஷூ சேற்றோடு நீலமுடியின் மூக்கில் போய் அப்பியது. அதைப் பார்த்து அழுமூஞ்சி ஓவென்று அழ ஆரம்பித்தான். தலை இடித்தவன் அழவில்லை, பார்த்தவன் அழுதான்!

எல்லோரையும் ஒவ்வொருவராகத் தூக்கி உட்கார வைத்து, கண்ணைத் துடைத்து, நீலமுடியின் மூக்கையும் துடைத்துக் கிளம்புவதற்குள் நேரம் பறந்துவிட்டது. பள்ளி வாசலில் பெரிய டீச்சர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

“எல்லாம் என்னாலதான்,” என்றாள் கத்தரி.

“மேட் அழகாத்தான் இருக்கு. காலுக்குத்தான் ஒத்துக்கல,” என்று அம்மா சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது.

அன்று மாலை கத்தரி மேட் இரண்டையும் தரையிலிருந்து எடுத்தாள். முன் இருக்கைகளின் முதுகில் நாடா போட்டுக் கட்டித் தொங்கவிட்டாள். இப்போது நீலமுடி நேருக்கு நேர் குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பாள். காலடியில் கிடக்க மாட்டாள். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் மூன்று வாண்டுகளும் சமர்த்தாக ஏறின. இரண்டு தெரு வரை அமைதி. “பாத்தியா?” என்பது போல் கத்தரி அம்மாவைப் பார்த்தாள்.

ஐந்து வயதுக் குழந்தை காரில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. தொங்கும். தொங்குகிற கால் ஆடாமல் இருக்காது.

டொக்.

“ஐயோ!” என்று அலறினான் அழுமூஞ்சி. “நான் நீலமுடியை உதைச்சுட்டேன்! மூக்குலயே உதைச்சுட்டேன்!”

டொக். அது ஏன்தம்பியின் கால்.

“நானும்! ஏன் அவ நம்ம கால்கிட்டயே வர்றா?”

அன்றைக்கு அழுமூஞ்சி அழுத அழுகை அவனுடைய வாழ்நாளிலேயே சிறந்தது. ஏன்தம்பியும் சேர்ந்துகொண்டான். அம்மா காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து, இருவரையும் சமாதானப்படுத்தினார்.

கத்தரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் மௌனராணி மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கால் மட்டும் தொங்கவில்லை. நடுவில் இருந்த அந்த மேட்டின் மேல் எட்டி ஊன்றியிருந்தது. ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். வெறுங்காலால் மேட்டை இரண்டு தடவை மிதித்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடியும் இரண்டு தடவை மிதித்தாள்.

இன்னொரு நாளாக இருந்தால், “காலை ஆட்டாம இரு” என்று கத்தரி சொல்லியிருப்பாள். இன்று அவள் இருக்கையின் இடுக்கு வழியாகத் தலையை நீட்டி, மெதுவாகக் கேட்டாள்.

“அங்க என்ன பண்றே?”

மௌனராணி காலை மடக்கிக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

மௌனராணி அவளை எடைபோட்டுப் பார்த்தாள். பிறகு, எறும்பு பேசினால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தத்தில் சொன்னாள்.

“தொப்பை.”

“தொப்பையா? எங்க?”

“இதான் அதோட முதுகு.” மேட்டைக் காலால் தடவிக் காட்டினாள். “மிதிச்சா பறக்கணும். ஆனா பறக்க மாட்டேங்குது. பாவம், வாலே இல்ல.”

கத்தரி மேட்டைப் பார்த்தாள். அதே சாம்பல் நிறம். அதே உருண்டையான வளைவு. இத்தனை வருடமாகக் காரில் ஒரு திமிங்கலம் படுத்திருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை!

முகத்தைத்தான் மிதிக்கக் கூடாது. முதுகில் ஏறலாம். அதுவும் தொப்பையின் முதுகு என்றால், மிதித்தால்தான் அதற்கே சந்தோஷம்.

அன்றும் தாமதம்தான். பெரிய டீச்சர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“நாளைக்குக் கடைசி நாள்மா. குழந்தைங்க இப்படி அழுதுக்கிட்டே வந்தா, பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

மாலையில் கத்தரி கடைக்குள் நுழைந்ததும் தையல் மாமா இரண்டு கையையும் தூக்கினார்.

“திருப்பி எடுத்துக்க முடியாதும்மா. அச்சடிச்சது அடிச்சதுதான்.”

“திருப்பிக் கொடுக்க வரல மாமா. தொப்பை தைக்க வந்திருக்கேன்.”

“எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே,” என்று அவர் தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

கத்தரி நடந்ததை எல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் சிரிப்பு குறைந்தது. “கண்ணைத் தட்டு அளவுக்குப் போடலாம்னு சொன்னதே நான்தானே,” என்று தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு மூலையில் சுருட்டி வைத்திருந்த சாம்பல் நிற மேட் துணியை இழுத்துப் போட்டார். மிச்சத் துணிதான். ஆனால் அடியில் வழுக்காத ரப்பர் இருந்தது.

இந்தத் தடவை இரண்டு மேட் இல்லை. ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை, நடு மேட்டின் மேல் ஏறி இறங்குகிற மாதிரி ஒரே நீள மேட். பழுப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தால், மேடு வருகிற இடத்தில் சுருக்கம் விழுந்தது. தையல் மாமா இழுத்துப் பார்த்தார், மடித்துப் பார்த்தார். சுருக்கம் போகவில்லை.

“இருங்க மாமா.” கத்தரி கத்தரிக்கோலை எடுத்தாள். மேட்டின் இரண்டு ஓரத்திலும் காகிதத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டினாள். வெட்டிய ஓரங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்ததும் காகிதம் மேட்டின் மேல் கச்சிதமாகப் படிந்தது.

“அடேயப்பா,” என்றார் மாமா. “திரைச்சீலையை வெட்டினது வீண் போகல!”

அந்த ஓட்டையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் சொன்னோம். ஆனால் அது தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.

மாமா சாம்பல் துணியை வெட்டித் தைத்தார். கத்தரி வெள்ளைத் துணியில் புள்ளிகள் வெட்டினாள். மேட்டின் உச்சியில், திமிங்கலம் நீர் பீச்சுகிற வட்டத் துளைக்குக் கறுப்புத் துணி. ஒரு கதவோரத்தில் இரண்டாகப் பிரிந்த பெரிய வால்.

“கண்ணு எங்க?” என்று மாமா கேட்டார்.

“கண்ணே வேணாம் மாமா! அது முன்னால பாத்துப் பறக்குது. நாம முதுகுலதானே நிக்கறோம்.”

நீலமுடி விரிப்புகளை என்ன செய்வது? அவற்றை வெட்டக் கத்தரிக்கே மனசு வரவில்லை. மாமா ரப்பரிலிருந்து மேல்துணியை மட்டும் பக்குவமாகப் பிரித்தெடுத்தார். காரின் கூரைத்துணி ஒட்டுவது அவருடைய அன்றாட வேலை. பின் இருக்கைக்கு மேலே, கூரையில், நீலமுடியை ஒட்டிவிட்டார். எந்தக் காலும் அங்கே எட்டாது.

வீட்டுக்குப் போகும் வழியில் கத்தரி சொன்னாள். “அம்மா, நாளைக்கு நீ ஒண்ணு பண்ணணும். அவங்க ரெண்டு தடவை மிதிச்சதும், நீ ‘பூஊஊம்’னு ஊதணும்.”

“நானா? ரோட்டுலயா?”

“நீதானே ஓட்டறே. அப்ப நீதான் தொப்பை.”

வெள்ளிக்கிழமை. அம்மா கதவைத் திறந்தார். மூன்று வாண்டுகளும் உள்ளே எட்டிப் பார்த்தன. ஒருவரும் அசையவில்லை. அழுமூஞ்சியின் கீழுதடு மெல்லப் பிதுங்க ஆரம்பித்தது.

மௌனராணி குனிந்து ஷூவைக் கழற்றினாள். உள்ளே ஏறினாள். திமிங்கலத்தின் முதுகில் நின்றாள். தம், தம் என்று இரண்டு தடவை மிதித்தாள்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பூம்,” என்றார்.

“அது தொப்பை இல்ல,” என்றாள் மௌனராணி. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

அம்மா மூச்சை நன்றாக இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“பூஊஊஊஊஊம்!”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு நாய் எழுந்து ஓடியது. அடுத்த நொடி அழுமூஞ்சியும் ஏன்தம்பியும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு முண்டியடித்து ஏறினார்கள். “நான் வால்ல நிக்கறேன்!” “நான் புள்ளியில!” தம், தம்! தம், தம்!

“உட்கார்ந்தாதான் தொப்பை பறக்கும். பெல்ட் போட்டாதான் மேகத்துக்குள்ள போகும்,” என்றாள் கத்தரி. கண் மூடித் திறப்பதற்குள் மூன்று பேரும் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கார் கிளம்பியது. தலையை உயர்த்திய அழுமூஞ்சி, “நீலமுடி மேல பறக்கறா!” என்று கத்தினான். அதற்கும் ஒரு பூஊஊம். சிக்னலில் நின்றபோது பக்கத்தில் வந்து நின்ற போக்குவரத்துக் காவலர் சந்தேகமாகக் குனிந்து பார்த்தார். “என்னம்மா சத்தம்?”

“திமிங்கலம் சார்,” என்றான் ஏன்தம்பி. அவன் கேள்வி கேட்காமல் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் ஒரு சிக்கல். வாண்டுகள் இறங்க மாட்டோம் என்றன.

பெரிய டீச்சர் வேகமாக வந்தார். “இன்னைக்கும் அழுகையா?”

“அழல டீச்சர்!” என்றான் அழுமூஞ்சி. முகம் முழுக்கச் சிரிப்பு. “இன்னும் ஒரு ரவுண்டு!”

அதற்குள் மஞ்சள் வேனும் வந்துவிட்டது. அதிலிருந்த குழந்தைகள் டிவியை ஓடவிட்டுவிட்டு இறங்கி ஓடிவந்து காரைச் சூழ்ந்துகொண்டன. “எனக்குக் காட்டு! நான் மிதிக்கறேன்!” மஞ்சள் வேன்காரரும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். “அட, நல்லா இருக்கே!” என்றார் அவர்.

பெரிய டீச்சர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தரை விரிப்பைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். வாண்டுகளை இறங்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். தம், தம்.

“பூஊஊஊம்!” என்றார் அம்மா. இப்போது அவருக்கு வெட்கமே இல்லை.

டீச்சர் இறங்கும்போது முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார். முடியவில்லை.

“தூரத்துப் பிள்ளைங்களை வேன் கூட்டி வரட்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு நீங்கதான். திங்கட்கிழமையிலேர்ந்து வந்துருங்க,” என்றார். “இது யாரோட யோசனை?”

கத்தரி தன் பக்கத்தில் நின்ற மௌனராணியின் தோளில் கை வைத்தாள். “இவதான் கண்டுபிடிச்சா. நான் வெட்டினேன். தையல் மாமா தைச்சார். அம்மா ஊதினாங்க.”

அம்மா கத்தரியைப் பார்த்தார். எதுவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய கைபேசி அடித்தது. இரவு வேலை கொடுத்த நிறுவனம்.

“விடுப்பு முடிஞ்சுதே, இன்னைக்கு ராத்திரி வண்டிக்கு வர்றீங்கதானே?” என்று அந்தப் பக்கம் கேட்ட குரல் கத்தரி வரைக்கும் எட்டியது.

“வரலங்க,” என்றார் அம்மா. “நாளைக்கும் வரல. இனிமே ராத்திரியில நான் வீட்டுலதான் இருப்பேன்.”

போனை வைத்த பிறகு, கத்தரியைப் பார்த்து அதை இன்னொரு தடவையும் சொன்னார்.